மூச்சும் சட்டமும்: வன்னிக் கரையிற் சுழியோட்டத் தொழில் – ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாறு பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய நீர்த்தேக்கங்களும், காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றங்களும், வன்னியர் ஆட்சியும், 1803 ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய நிகழ்ச்சியும் அவ்வரலாற்றிலே தக்க இடம் பெற்றுள்ளன. 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் தொடக்கம் பிற்கால ஆய்வுகள் வரை நிலமும் நீர்ப்பாசனமுமே முதன்மை பெற்று நிற்கின்றன. ஆயின் வன்னிப் பெருநிலத்தின் இரு புறத்தும் கடல் உண்டு. மேற்கே பூநகரி, நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவு ஆகிய இடங்களைத் தழுவிக் கிடக்கும் ஆழங்குறைந்த கடல். கிழக்கே சுண்டிக்குளம், சாலை, முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என நீளும் வங்கக் கடல். இவ்விரு கரைகளிலும் வாழ்ந்த மக்களின் தொழில் வரலாறு இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே கூறவேண்டும்.

கடலின் மேற்பரப்பிலே வலைவீசி வாழ்ந்தோர் பற்றியேனும் சில குறிப்புக்கள் உள. கடலின் அடித்தரையிலே நிகழ்ந்த தொழில் பற்றிய பேச்சு மிகக் குறைவு. நீருள் மூழ்கி, அடித்தரையிற் கிடப்பதைக் கையாற் பொறுக்கி எடுக்கும் இத்தொழிலைச் சுழியோட்டம் என்றும் குளிப்பு என்றும் நம் மக்கள் வழங்குவர். முத்துச்சிப்பி, சங்கு, கடலட்டை என்னும் மூன்று பொருள்கள் இத்தொழிலை மாறி மாறி இயக்கி வந்துள்ளன. இவற்றின் வரலாற்றை ஒருங்கு வைத்து நோக்கும்போது வினாவொன்று எழுகின்றது. கடலடியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவ்வக்காலத்தில் வரையறுத்தது யாது? தொடக்கத்தில் அதனை வரையறுத்தது மனிதனின் மூச்சு. அதனோடு சேர்ந்து வரையறுத்தது அரசின் கணக்கேடு. மூச்சின் எல்லையைக் காற்றுச் சிலிண்டர் உடைத்த பின்னர், அதன் இடத்தை நிரப்பத்தக்க முறை எதுவும் வன்னிக் கரையில் உருவாகவில்லை. இக்கரையில் இன்றும் தீராதிருக்கும் பிணக்கின் வேர் இங்கேயே உள்ளது.

வலையும் கையும்

சுழியோட்டத்தின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு அதனை வலைத்தொழிலோடு ஒப்பிடுதல் பயன் தரும். நண்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தமிழர்க்கு நண்டு புதியதன்று. அலவன், ஞெண்டு, களவன் எனப் பழந்தமிழ் அதற்குப் பல பெயர்களை வைத்துள்ளது. ஐங்குறுநூற்று மருதத்திலே களவன் பத்து எனப் பத்துப் பாடல்கள் அதன் பெயரால் அமைந்துள்ளன. வன்னிக் கரையில் நண்டு வலைக்குரிய உயிராகவே இருந்து வருகின்றது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புக்களின் சேற்றிலே பெருநண்டு வாழ்கின்றது. பூநகரிப் பக்கத்து ஆழங்குறைந்த கடலிலே நீலக்கால் நண்டு மிகுதி. முன்னது உயிருடன் விமானமேறிச் சிங்கப்பூர் உணவகங்களை அடைகின்றது. அந்நகரில் ‘இலங்கை நண்டு’ என்பது தனிப்பெயராகவே நிலைத்துவிட்டது.

நண்டு வலை அடித்தரையில் நின்று காத்திருப்பது. அதனை நோக்கி வரும் நண்டே அதிற் சிக்கும்; வராத நண்டு தப்பும். கல்லும் பாருமான இடத்தில் வலை கிழியும் என்பதால் மீனவன் அவ்விடத்தை விலக்குவான். ஆகவே கல்லிடுக்கும் ஆழமும் கடலுயிர்கட்குப் புகலிடங்களாக விளங்கின. சுழியோடியின் கை அத்தகையதன்று. அது காத்திருப்பதில்லை, தேடிச் செல்கின்றது. கல்லிடுக்கினுள் ஒளிந்திருக்கும் நண்டும் சிங்க இறாலும் அதற்குத் தப்பமாட்டா. மணலிற் கிடக்கும் சங்கும் அட்டையும் ஓடவும் மாட்டா. வலைக்கு இல்லாத கண் சுழியோடிக்கு உண்டு. அக்கண்ணின் வலிமைக்கு நெடுங்காலம் ஒரேயொரு தடைதான் இருந்தது. அதுவே மூச்சு.

மூச்சடக்கிய காலம்

மன்னார்க் குடாவின் முத்துக் குளிப்பு உலகறிந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் செங்கடற் செலவு நூல் கொற்கையின் முத்துக் குளிப்பைக் குறிப்பிடுகின்றது. அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அது கூறுகின்றது. முத்தை அணிந்தவர் அரசர். அதற்காக மூழ்கியவர் குற்றவாளி. இத்தொழில் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றே இந்த ஏற்றத்தாழ்வைத் தெளிவாகக் காட்டுகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி பற்றி எழுதிய மார்க்கோ போலோ, எடுத்தவற்றிற் பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு சுறாவை மந்திரத்தாற் கட்டுவோர்க்கும் சென்றதாகக் கூறுகின்றார். சுறாவைக் கட்டும் இவர்களைப் பிற்காலத்தார் கடற்கட்டி என அழைத்தனர். கடற்கட்டி கரையில் நின்று மந்திரம் ஓதாவிடில் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்தமையாற் பிரித்தானிய அரசாங்கமும் அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்தமை சுவையான செய்தியாகும். பிற்பட்ட பிரித்தானியர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்தையும் ஒரு பங்கு குளித்தோரையும் சார்ந்தது. பத்திலொன்று மூன்றில் இரண்டாக வளர்ந்தமையே இத்தொழிலில் அரசின் கை எவ்வாறு இறுகியது என்பதைக் காட்டப் போதுமானது.

குளிப்பு நடந்த முறையும் கருதத்தக்கது. மாசி முதல் சித்திரை வரையிலான, இரு பருவக்காற்றுகட்கு இடைப்பட்ட அமைதிக் காலமே அதற்கு உரியது. நள்ளிரவிற் கரைக்காற்றோடு தோணிகள் புறப்படும். விடியற்காலையில் பார்களை அடையும். நண்பகலின் பின் கடற்காற்று அவற்றைக் கரை சேர்க்கும். சுழியோடி கயிற்றிற் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து இறங்குவான். தோணியிலிருப்பவன் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பான். கீழே சென்றவன் ஏறத்தாழ ஒரு நிமிடத்துள், மிகத் தேர்ந்தவனாயின் அதனினும் சற்றுக் கூடிய நேரத்துள், கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை மூழ்கினாலும், அடித்தரையில் அவன் கழித்த நேரம் யாவும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுதல் அரிது. இக்கணக்குப் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

மூச்சு ஒன்றே முத்துப்பாரைக் காத்தது என்று கூறுவது பொருந்தாது. சிப்பிப் பார்கள் மூச்சடக்குவோர்க்கு எட்டும் ஆழத்திலேயே இருந்தன. ஆயிரக்கணக்கானோர் ஒரே பாரில் இறங்கும்போது தனியொருவனின் மூச்சின் எல்லை பயனற்றதாகிவிடும். அங்கே அரசின் கட்டுப்பாடு குறுக்கிட்டது. பார்களை ஆண்டுதோறும் சோதித்து, சிப்பி முதிர்ந்தது எனக் கண்ட ஆண்டில் மட்டும் குளிப்புக்கு அறிவித்தல் விடுவது வழக்கமாயிற்று. இயற்கையின் காரணத்தாலும் சிப்பி அற்றுப்போன நீண்ட இடைவெளிகள் நேர்ந்தன. 1838 முதல் 1854 வரையும், 1892 முதல் 1902 வரையும் இலங்கையிற் குளிப்பு நிகழவில்லை. இரண்டாவது இடைவெளியின் காரணத்தை அறியும்பொருட்டுப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 இல் வரவழைக்கப்பட்டார். ஜேம்ஸ் ஹோர்ணெல் அவர்க்கு உதவியாளராக வந்தார். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அதனைக் கண்டு 1906 இல் ஆங்கிலக் கம்பனியொன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907 இன் பின் சிப்பி இல்லை; கம்பனியும் கலைந்தது. 1925 இல் நடைபெற்ற சிறு குளிப்பு நீங்கலாக அப்பெருந்தொழில் அத்துடன் முடிவுற்றது எனலாம். ஆளுநர் நோர்த் அரிப்பிற் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பிற் சிதைந்து கிடக்கின்றது.

அரிப்பு மன்னார் மாவட்டத்துக்குரியது. ஆயின் அங்கு நிலவிய முறையே வடபகுதிக் கடலடி முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று. அம்முறையின் அடிப்படை இரண்டு. முதலாவது, கடலடி அரசுக்கு உரியது. இரண்டாவது, அதில் இறங்குவோர் பெரும்பாலும் அக்கரையைச் சேர்ந்தோர் அல்லர். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்தும், அரபுக் கரைகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து சென்றனர். அயலிலுள்ள ஊரவர்க்குக் கடலடி மீது வழக்காற்றுரிமை எதுவும் வளரவில்லை.

சங்கின் வழி

சங்குக்கு முத்தின் புகழ் இல்லை; ஆயினும் வடபகுதி மக்களின் வாழ்வோடு அதுவே நெருங்கியது. பிறப்பின்போதும் இறப்பின்போதும் சங்கு ஊதுவது நம் வழக்கு. ஆயினும் சங்குத் தொழிலை நடத்தியது நம்மவரின் தேவையன்று. வங்காளத்துப் பெண்களின் வளையலே அதனை நடத்தியது. மணமான வங்காள இந்துப் பெண் சங்கு வளையல் அணிதல் மரபு. டாக்காவின் சங்காரிக் கடைத்தெருவில் அதனை அறுத்து வளையலாக்கும் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தமிழகக் கரையிலும் யாழ்ப்பாணக் கடலிலும் எடுத்த சங்கு அங்குச் சென்றது. ஹோர்ணெல் 1914 இல் வெளியிட்ட இந்தியச் சங்கு பற்றிய நூல் இவ்வாணிகத்தை விரிவாக ஆராய்கின்றது.

ஒல்லாந்தரும் அவர்க்குப் பின் பிரித்தானியரும் சங்குக் குளிப்புரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பணமீட்டினர். பின்னர் 1890 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சங்குத் தொழிலை ஒழுங்குபடுத்தியது. இங்கும் கடலடி அரசின் வருவாய்க்குரிய நிலமாகவே கருதப்பட்டது. ஆயினும் முத்துக்கும் சங்குக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. முத்துச்சிப்பி ஒரே பாரிற் கோடிக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும். சங்கு மணற்றரையிற் சிதறிக் கிடப்பது. ஆழமான இடங்களிலும் வாழ்வது. மூச்சடக்கி இறங்குவோர் ஆழங்குறைந்த இடத்துச் சங்கை எடுத்தபோதும், அதற்கு அப்பாற்பட்ட ஆழத்திலே தாய்ச் சங்குகள் எஞ்சின. அவை இட்ட முட்டைகளிலிருந்து வெளிப்பட்ட குஞ்சுகள் இனத்தைத் தொடர்ந்தன. இவ்விடத்தில் மூச்சு உண்மையிலேயே சட்டமாக இருந்தது. எவரும் எழுதாத, எவரும் மீறவியலாத சட்டம் அது.

அதற்குத் துணையாகக் காற்றும் நின்றது. வாடைக் காலத்திற் கிழக்குக் கடல் கொந்தளித்துக் கலங்கும்; கலங்கிய நீரிற் சுழியோடிக்குக் கண் தெரியாது. அம்மாதங்கள் கிழக்குக் கடலடிக்கு ஓய்வுக் காலமாயின. சோளகக் காலத்தில் மேற்குப் பக்கம் அவ்வாறே ஓய்ந்தது.

சிலிண்டர் வந்த பின்

1943 இல் பிரான்சிலே ஜாக் கூஸ்தோ என்பவரும் எமீல் கன்யான் என்பவரும் சேர்ந்து, அமுக்கிய வளியைத் தேவைக்கேற்ப விடுவிக்கும் கருவியொன்றை அமைத்தனர். இதுவே ஸ்கூபா முறை உலகெங்கும் பரவுவதற்கு அடிகோலியது. 1956 இல் இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இக்கருவியோடு நம் கடல்களில் இறங்கினர். திருக்கோணேச்சரப் பாறையின் அடியிற் கடலுள் கிடந்த கோயிற்றூண்களை வில்சன் கண்டமை தமிழர் நன்கறிந்தது. அந்நாளிற் சிலிண்டர் ஆராய்ச்சியாளரின் கருவி. காலப்போக்கில் அது வாணிகரின் கருவியாயிற்று.

சிலிண்டரால் விளைந்த மாற்றத்தை எளிய கணக்கொன்றால் உணரலாம். 12 லீற்றர் கொள்ளளவுடைய சிலிண்டரை 200 மடங்கு அமுக்கத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,400 லீற்றர் வளி அதில் அடங்கும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் வளி செலவாகும் எனக் கொண்டால், 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காவதால் 40 லீற்றர் செலவாகும். ஆகவே ஒரு சிலிண்டர் அவ்வாழத்தில் 60 நிமிடம் நிற்க உதவும். அரிப்பிலே நாள் முழுதும் ஐம்பது முறை மூழ்கியவன் அடித்தரையில் நின்ற நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டது என முன்னர்க் கண்டோம். அவனுடைய ஒரு நாளுழைப்பு இன்று ஒரு சிலிண்டரில் அடங்கிவிட்டது. நாளொன்றுக்கு மூன்று நான்கு சிலிண்டர்களைப் பயன்படுத்தும் சுழியோடி மூன்று நான்கு பேரின் வேலையைச் செய்கின்றான். அன்றியும் முன்னோர் எட்டாத ஆழத்தில், தாய் உயிர்கள் எஞ்சிய இடத்தில், அதனைச் செய்கின்றான். நீருட்புகாத மின்விளக்கு இரவையும் பகலாக்கிவிட்டது.

மூச்சு கடலுயிரை மட்டுமன்றிச் சுழியோடியையும் காத்து நின்றது. மூச்சடக்கி இறங்குபவன் மூச்சு முட்டியதும் மேலே வந்தே தீரவேண்டும். ஆழத்தில் நின்று அமுக்கிய வளியைச் சுவாசிப்பவனின் குருதியிலும் இழையங்களிலும் நைதரசன் மிகுதியாகக் கரைகின்றது. அவன் விரைந்து மேலெழுந்தால் அந்நைதரசன் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுக்களை வருத்தும்; முள்ளந்தண்டைத் தாக்கினால் கைகால் வழங்காமற் போகும்; உயிரும் போகலாம். படிப்படியாக மேலெழும் முறையை ஹோல்டேன் என்னும் அறிஞரும் அவருடைய தோழரும் 1908 இலேயே வகுத்துத் தந்தனர். ஆயினும் எடுத்த அட்டையின் அளவுக்கேற்பக் கூலி பெறும் தொழிலாளி, அட்டவணையைப் பார்த்து மெல்ல மெல்ல எழுவான் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? முன்னர் உடலே அவனை எச்சரித்தது. இப்போது அவன் கற்றறிந்தாலன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

சிலிண்டரோடு இணைந்து வளர்ந்தது கடலட்டைத் தொழில். நம்மவர் அதனை உண்பதில்லை. குடல் நீக்கி, அவித்து, உலர்த்திச் சிங்கப்பூர், ஹொங்கொங், தைவான் ஆகிய இடங்கட்கு அனுப்புவர். மதிப்பு மிக்க வெள்ளை அட்டைக்குத் தென்னிலங்கைத் தொழிலாளரிடையே ‘யாழ்ப்பாண அட்டை’ என்ற பெயர் வழங்குவது வடகடலின் வளத்துக்குச் சான்றாகும். அட்டை மணலை உட்கொண்டு, அதிலுள்ள அழுகற் பொருளைச் செரித்து, மணலைத் தூய்மையாக வெளிவிடுகின்றது. நிலத்துக்கு மண்புழு செய்யும் பணியைக் கடலடிக்கு அது செய்கின்றது. ஆணும் பெண்ணும் தத்தம் விந்தையும் முட்டையையும் நீரிலே கலக்க விடுவதால், அவை அருகருகே வாழ்ந்தாலன்றிக் கருக்கட்டல் நிகழாது. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எஞ்சுவதால் இனம் தழைப்பதில்லை. கடைசி அட்டையை எடுக்கும் முன்னரே அத்தொழில் அழிந்துவிடுகின்றது.

திறந்த கடலும் திரும்பாத மக்களும்

வன்னிக் கரையில் இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தை நோக்குதல் இன்றியமையாதது. 1980களின் நடுப்பகுதி முதலாகப் போரின் காரணத்தால் வடக்குக் கடலிலே தொழில் செய்தல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கரையிலே போர் முடிவுற்றபோது எஞ்சிய மக்கள் வவுனியா செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களிலிருந்து இறுதித் தொகுதியினர் வெளியேறியது 2012 செப்ரெம்பரிலாகும்.

2008 ஆம் ஆண்டை ஒட்டி நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் கிழக்குக் கடலிலும் வடமேற்குக் கடலிலும் அட்டை வளத்தை ஆராய்ந்தது. போர் நடந்த வடக்குக் கடல் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. ஆகவே போர் முடிந்து கடல் திறக்கப்பட்டபோது அதன் அடித்தரையில் எவ்வளவு உண்டு என்பதை எவரும் அளந்திருக்கவில்லை. நெடுங்காலம் பெரிதும் தீண்டப்படாதிருந்த கடல் அது. ஆனால் அக்கரைக்குரிய மக்களிடம் படகு இல்லை, வலை இல்லை, பலர்க்கு வீடும் இல்லை. சிலிண்டரும் இயந்திரப் படகும் கைமுதலும் உடையோர் பிற மாவட்டங்களிலிருந்து அனுமதிப்பத்திரத்துடன் வந்தனர். கடல் மக்களுக்கு முன்னே திறந்தது. மக்கள் கடலுக்குப் பின்னே திரும்பினர். இம்முற்பின் மாற்றமே பிற்காலப் பிணக்குக்குக் காலாயிற்று.

கரையின் முறை

வன்னிக் கரையில் முறையே இல்லை என்று எண்ணுதல் தவறு. கரைவலைத் தொழிலிலே பாடு என்னும் வழக்காறு உண்டு. இந்த இடத்திலே இந்தச் சம்மாட்டி வலை வளைக்கலாம், இவர்க்குப் பின் இன்னார் என்று இடமும் முறையும் வகுக்கப்பட்டிருந்தன. களப்பிலே களங்கண்டி நாட்டும் இடத்துக்கும் ஒழுங்கு உண்டு. பருவத்துக்கு வந்து வாடி அமைத்துத் தங்குவோரும் அவ்வூராரின் இசைவோடே தங்கினர். இவையனைத்தும் கரையையும் மேல்நீரையும் பற்றிய முறைகள். கடலடியைப் பற்றிய முறை ஒன்றும் இல்லை. முத்துக் காலந்தொட்டுக் கடலடி அரசுக்குரியதாகவும் வெளியாருக்குத் திறந்ததாகவும் இருந்தமையால், ஊர் அதனைத் தன் எல்லைக்குள் கொண்டுவர வாய்ப்பு நேரவில்லை. வடபகுதித் தமிழருள்ளும் சங்கும் அட்டையும் எடுக்கும் சுழியோடிகள் உளர். அவர்களும் தத்தம் தீவிலும் துறையிலும் தனித்தனியே தொழில் புரிந்தனரே அன்றிப் பொதுமுறை ஒன்றை வகுக்கவில்லை.

அரசின் சட்டம் இவ்வெற்றிடத்தை நிரப்பியதா? 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ்ச் சங்கும் அட்டையும் சுழியோடி எடுப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. 2003 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமுடைய சங்கைத் தடைசெய்தது. இவை நல்ல விதிகளே. ஆயின் அனுமதிப்பத்திரம் யார் இறங்கலாம் என்பதற்கு விடை கூறும். எவ்வளவு எஞ்ச வேண்டும் என்பதற்கும், அதனை யார் காப்பது என்பதற்கும் அதனிடம் விடை இல்லை. தலைநகரிற் கையொப்பமிட்ட பத்திரம் சாலைக் கடலின் இருளில் நிகழ்வதைக் காண்பது எங்ஙனம்?

2018 ஆம் ஆண்டில் வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் மீனவர் வீதிக்கு இறங்கினர். இரவில் ஒளி பாய்ச்சி அட்டை பிடிப்பதால் மீன் கலைந்து போகின்றது, வலைகள் அறுபடுகின்றன, தங்கள் கடலில் தாங்கள் அயலாராகின்றனர் என்பன அவர்களுடைய முறைப்பாடுகள். அவ்வாண்டு ஆகஸ்டில் நாயாற்றிலே தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின. இதனை இனப்பிணக்கு என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுதல் எளிது. அக்கூறு உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அதன் அடியில், ஆளற்றுக் கிடக்கும் கடலடி பற்றிய நீண்டகால வினா ஒன்று விடையின்றிக் கிடக்கின்றது.

பிறநாட்டார் கண்ட விடைகள்

பாக்குநீரிணையின் மறுகரையில் இதற்கு வேறொரு விடை காணப்பட்டது. 2001 இல் இந்திய அரசு கடலட்டையினம் முழுவதையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்து, புலிக்கும் யானைக்கும் உரிய காப்பை அதற்கும் அளித்தது. இராமநாதபுரக் கரையிற் குற்றமாக இருப்பது சில மைல் அப்பாலுள்ள கடலில் அனுமதிப்பத்திரத் தொழிலாக இருப்பது வியப்புக்குரியது. முழுத்தடையால் அட்டையை நம்பியிருந்த ஏழை மீனவர் பிழைப்பிழந்தனர்; களவு வாணிகமும் ஒழியவில்லை. 2019 இல் மதிப்பு மிக்க மூன்று அட்டையினங்களைச் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்ப்பதற்கு உலகநாடுகள் இசைந்தன.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் கல்நண்டுத் தொழில் மற்றொரு வழியைக் காட்டுகின்றது. அங்குச் சிலிண்டர் கட்டி இறங்கிக் கல்நண்டு பிடிப்பதற்குத் தடையில்லை. ஆயின் முழு நண்டைக் கொண்டுவருதல் ஆகாது. குறித்த அளவுக்கு மேற்பட்ட கொடுக்கை மட்டும் கழற்றிக்கொண்டு நண்டைக் கடலிலே விடவேண்டும். இழந்த கொடுக்கு மீண்டும் வளரும். முட்டை தாங்கிய பெண் நண்டைத் தொடலாகாது. உடலைத் துளைக்கும் கருவி எதனையும் பயன்படுத்தலாகாது. ஒக்ரோபர் நடுப்பகுதி தொடக்கம் மே முதலாம் திகதி வரையே பருவம். 2020 இல் கொடுக்கின் குறைந்தபட்ச அளவு மேலும் கூட்டப்பட்டது. கொடுக்கிழந்த நண்டுகளிற் பல இறந்துபோகின்றன என்பதும் ஆய்வாளர் கண்டதே. ஆயினும் எடுப்பவன் எதை விட்டுச் செல்லவேண்டும் என்பதிலிருந்து தொடங்கும் சட்டம் இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நம் நிலைக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு கொரியாவின் ஜேஜு தீவில் உள்ளது. அங்கு ஹென்யோ எனப்படும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சங்கினங்களும் கடற்பாசியும் எடுக்கின்றனர். சிலிண்டர் உலகெங்கும் கிடைக்கும் இக்காலத்திலும் அவர்கள் அதனைக் கட்டுவதில்லை. எவ்விடத்தில், எப்பருவத்தில், எவ்வளவு பெரியதை எடுக்கலாம் என்பதை ஊர்க் கடற்றொழிற் சங்கமே வகுக்கின்றது. ஊரின் முன்னுள்ள கடலடி ஊரின் பொறுப்பில் உள்ளது. 2016 இல் ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் அவர்களுடைய தொழிற்பண்பாட்டை உலகமரபுச் செல்வமாக ஏற்றது. மூச்சின் எல்லை அங்கு இயலாமையின் அடையாளமாக இருக்கவில்லை. ஊர் தானே விரும்பித் தனக்கு விதித்துக்கொண்ட சட்டமாக நிலைத்தது.

முடிவுரை

மூச்சடக்கிய காலத்தைப் பொற்காலமெனப் போற்றுதற்கில்லை. கொற்கையிற் குற்றவாளியும் அரிப்பிற் கூலியாளும் பிறர் செல்வத்துக்காகவே மூழ்கினர். இன்று சிலிண்டர் கட்டி இறங்குபவனும், எக்கரையினனாயினும், பெரும்பாலும் வேறொருவரின் முதலுக்கு உழைக்கும் ஏழையே. பழைய கல்லுக்கும் கயிற்றுக்கும் அவனைத் திருப்பி அனுப்புதல் இயலாது. எல்லை ஒன்று இருந்தது, அது உடைந்தது, அதற்கு ஈடான மற்றொன்று அமைக்கப்படவில்லை என்பதே வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

இப்பொழுது கடலடி பற்றிய வினா புதிய வடிவம் கொண்டுள்ளது. பூநகரிக் கரையின் ஆழங்குறைந்த கடலிலே வேலியிட்டு அட்டை வளர்க்கும் பண்ணைகள் தோன்றியுள்ளன. 2021 இல் கௌதாரிமுனையில் வெளிநாட்டு முதலோடு தொடங்கப்பட்ட பண்ணைக்கு எதிராக அவ்வூர் மீனவர் குரலெழுப்பினர். வளர்த்து எடுத்தல் வாரி எடுப்பதிலும் நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேலி யாருடையது, அதற்குள் அடங்கிய கடலில் முன்பு வலை கட்டியவன் எங்குச் செல்வான் என்பன விடைகாண வேண்டிய வினாக்கள். 1992 இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2017 இல் ஓராண்டளவு போராடி, 2018 ஏப்ரலில் தாமே படகேறித் தம் தீவுக்கு மீண்டனர். அத்தீவின் நிலத்துக்கு உறுதி காட்டி உரிமை கோர அவர்களால் முடிந்தது. நண்டும் அட்டையும் வாழும் அதன் முன்னுள்ள கடலடிக்கு உறுதி எவரிடமும் இல்லை. நிலத்தின் உறுதியை ஆராயும் வன்னி வரலாறு இனி அக்கடலடியின் உறுதியையும் ஆராய வேண்டும். அதனை எழுதவேண்டியவர்கள் ஆய்வாளர் மட்டும் அல்லர். அக்கரையின் கடற்றொழிற் சங்கங்களும் ஆவர்.